பயிரைப் புகழாத தெரு

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதைத் தொடங்கியவள் நான். கும்பகோணத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது உதவித்தொகையில் வாங்கிய போனில் தொடங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். குழுவின் உறுப்பினர்களைத் திறந்தால் என் எண்ணுக்குப் பக்கத்தில் 'அட்மின்' என்று இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் முதுகு தானாக நிமிரும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது வெளிநாட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு செய்தி வர வேண்டுமென்றால், அது பெரிய தெருவில் யாராவது ஒருவர் வீட்டு போனுக்குத்தான் வரும். எங்கள் அம்மாக்கள் அந்த வீட்டின் கொல்லைப்புறம் போய், கூப்பிடும் வரை நின்றிருப்பார்கள். இனி யாரும் அப்படி நிற்கத் தேவையில்லாமல் போனதில் என் கையும் இருக்கிறது.

தெருவின் ஆண்களில் பாதிப் பேர் தெருவில் இல்லை. குவைத், துபாய், சிங்கப்பூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்துப் போட்டவர்கள். வெளியே போன தலைமுறைதான் முதலில் நிலம் வாங்கியது. வாங்கியதெல்லாம் வாய்க்காலின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது ஆற்றில் வந்து, வாய்க்காலில் பிரிந்து, எல்லார் வயலும் குடித்து மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். மிச்சமில்லாத வருடங்களும் உண்டு. விற்றவர்களுக்கு அது தெரியும். வாங்கியவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்கினார்கள்.

குழுவில் எதற்கும் சண்டை வரும். பாதி வீடு மாதா கோவிலுக்கும் பாதி வீடு மாரியம்மனுக்கும் போகிற தெரு என்பதால், ஆடி மாதத்தில் யார் ஒலிபெருக்கி, டிசம்பரில் யார் ஒலிபெருக்கி அதிகச் சத்தம் என்று பட்டிமன்றம் நடக்கும். தூர்வாரிய மண்ணை எந்தக் கரையில் கொட்டினார்கள் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்பார். டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனால், அதில் ஏறவே போகாத துபாய்க்காரர் ஓட்டுநரைத் திட்டுவார். ஆனால் பொழுது தவறாமல் நடந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். அது பயிர்ச் சண்டை.

அதன் நாயகர் குவைத்தில் இருந்த மாமா. பக்கத்து வீட்டு அத்தையின் கணவர். கட்டட வேலையில் சாரம் கட்டுபவர். குவைத்துக் காசில் வாங்கிய மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், அவருக்குக் கடைமடையில் இருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டாள். தினமும் அவர் அங்கே அறையிலிருந்து வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் குழுவில் ஒரு வரி போடுவார்: "வயலு போட்டோ போடுங்க." அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அனுப்பிய போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவாள். நான் கல்லூரிக்கு பஸ் ஏறும் முன் ஓடிப்போய் அவள் வயலைப் படமெடுத்துப் போடுவேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் அன்றைய சண்டை முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதுவேன். வாய் அவளுடையது, விரல் என்னுடையது.

முதல் அடி எப்போதும் என் சித்தப்பாவிடமிருந்து வரும். அவர் உள்ளூரில் இருந்த சிலரில் ஒருவர். வயலில் சொந்தமாக போர்வெல் போட்டிருந்தார். அத்தைக்குத் தம்பி முறை என்பதால் மாமாவைக் கேலி செய்ய அவருக்கு முழு உரிமை இருந்தது.

"என்ன மச்சான், கோரை நல்லா வெளஞ்சிருக்கு. பாய் நெய்யப் போறீங்களா?"

"உங்க நெல்லைவிட எங்க வரப்புப் புல்லு ஒசரம் மாப்ள. வந்து அளந்து பாருங்க."

"இதுல நெல்லு எங்க இருக்குன்னு யாராவது வட்டம் போட்டுக் காட்டுங்கப்பா," என்று திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு அண்ணன் நுழைவார்.

"கோழிக்கு ஒரு வேளை தீனி தேறும்," என்பார் சிங்கப்பூர்க்காரர்.

அத்தை என் தோளில் இடிப்பாள். "கோழிக்கு இல்ல, சிங்கப்பூர்ல ஒத்தக் கால்ல நிக்கிற கொக்குக்குத்தான்னு எழுதுடி."

எழுதுவேன். சிரிப்பு முகங்கள் வரிசையாக வரும். மாமா உடனே, "பாத்தீங்களா, எங்க வீட்டு வக்கீலு வந்தாச்சு," என்று போடுவார். அத்தை அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்வாள்.

அவர்கள் தனியாகப் போனில் பேசியதையும் நான் கேட்டிருக்கிறேன், சுவர் ஒன்றுதான் என்பதால். "சாப்டீங்களா?" "ம். நீ?" "ம்." அதற்குமேல் இருவருக்கும் வராது. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம், தெருவே பார்க்க, குழுவில்தான்.

வெளியூர்க்காரர்கள் இந்தச் சண்டையைப் பார்த்தால் எங்களுக்குள் பகை என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் நிற்கிற பயிரை நல்லா இருக்கிறது என்று சொல்லக் கூடாது. கதிர் அறுத்து, களத்தில் தூற்றி, மூட்டை தைத்து வண்டியில் ஏறும் வரை அதைக் குறைத்துத்தான் பேச வேண்டும். வரப்பில் போகிறவர், "என்ன இது, மாடுகூட மேயாது போலருக்கே," என்று சொன்னால் வயல்காரருக்கு முகம் மலரும். கண் படாமல் காத்துவிட்டாரே என்று. ஒருமுறை வெளி ஜில்லாவிலிருந்து வந்த புது மருமகள் வரப்பில் நின்று, "அடேயப்பா, எவ்ளோ அழகு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவள் மாமியார் அங்கேயே ஒரு பிடி மண் எடுத்து வயலைச் சுற்றிப் போட்டுவிட்டு, வீடு வரும்வரை அவளிடம் பேசவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நானும் எந்தப் பயிரையும் புகழ்ந்ததில்லை. அது பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்லும் வருடத்தில் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. குறுவை யாரும் வைக்கவில்லை. சம்பாவுக்குத் திறந்த தண்ணீர் மேல்மடையோடு நின்றது. கடைமடையில் எல்லோரும் மழையை நம்பி நேரடியாக விதை தெளித்தார்கள். ஐப்பசியில் இரண்டு மழை பெய்தது. பயிர் முளைத்து, வயல் முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை வந்தது. கார்த்திகையில் மழை வரவே இல்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த மார்கழியில் பயிரைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்துகொண்டிருந்தது. குழுவில் அந்தச் செய்திகளை யாரும் கேலி செய்யவில்லை. கும்பிட்ட கைகள் மட்டும் வரும்.

அதே நாட்களில் மாமாவைப் பற்றி இன்னொரு செய்தி தெரியவந்தது. அவரோடு வேலை பார்த்த எங்கள் தெரு ஆள் ஒருவர் விடுமுறையில் வந்து சொன்னார். கோடையில் சாரத்தின் மேலேயே மாமா மயங்கிவிட்டிருக்கிறார். இடுப்பில் கட்டிய பெல்ட்தான் பிடித்து நிறுத்தியதாம். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாமா குழுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மயங்கிய வாரத்தில்கூட சித்தப்பாவின் வரப்பில் புல்லைச் செதுக்கச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய்த் தேடிப் பார்த்தேன்.

அவருடைய வேலை ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிவதாக இருந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். "இந்த வெள்ளாமை வீடு வந்து சேந்தா கையெழுத்துப் போடமாட்டேன். வந்துடுறேன். அப்புறம் அந்த மூணு மாவை வச்சு நாம பொழைச்சுக்கலாம்," என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். அத்தை அதை என்னிடம் சொன்னபோது அவள் வயல் ஏற்கெனவே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. பச்சை மிச்சமிருந்த ஒரு மூலையை மட்டும்தான் நான் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் அதில் ஆட்டை மேயவிட்ட அன்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொந்தப் பயிரில் ஆட்டை விடுவது என்பது எங்கள் ஊரில் கைகழுவியதற்கு அடையாளம். "நாளைக்கு போட்டோ எடுக்க எங்க வயலுக்கு வேணாம். என் கூட வா," என்று சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தம்பி, ஒன் வயலைக் கொஞ்சம் இரவல் குடு."

"வயலையா? இரவலா?" சித்தப்பா சிரித்தார்.

"போட்டோவுக்கு."

அவர் சிரிப்பு நின்றது. போர் இருந்ததால் அவர் வயல் மட்டும் அந்தக் கடைமடையில் பச்சையாக நின்றது. "மச்சான் கண்டுபுடிச்சுருவாங்கக்கா," என்றார்.

"வரப்பு, போர் கொட்டகை எதுவும் விழாம எடுக்குறேன் சித்தப்பா. பயிர் மட்டும்தான் தெரியும். பச்சைப் பயிரு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்," என்றேன் நான்.

"நீ படிச்ச புள்ள, எடுத்துருவ," என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "வந்து எறங்குனதும் தெரியப்போவுதே. அப்ப என்ன செய்வீங்க?" என்றார்.

"திட்டட்டும். திட்டுறதுக்கு ஆளு என் முன்னாடி நிக்கட்டுமே தம்பி. அது போதும் எனக்கு."

மறுநாள் காலை வெயில் ஏறும் முன் எடுத்தேன். பயிர் பால் பிடிக்கும் பருவம். குனிந்து, வானமும் பயிரும் மட்டும் தெரியும்படி எடுத்தேன். நல்ல படம். குழுவில் போட்டேன். தெருவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அத்தையின் வயல் காய்ந்தது தெரியும். வெளியூரில் இருந்தவர்களுக்கும் அவரவர் வீட்டுக்காரிகள் சொல்லித் தெரிந்திருந்தது. மாமா ஒருவருக்குத்தான் தெரியாது. யாராவது உளறிவிடுவார்களோ என்று கல்லூரியில் பாடத்தைக் கவனிக்காமல் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் உளறவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அருமையா வந்திருக்கு அண்ணே."

"சூப்பர். இந்த வருசம் உங்களுக்குத்தான்."

"கண்ணு நெறஞ்சு போச்சு. உங்க உழைப்பு வீண் போவாது." இது சிங்கப்பூர்க்காரர்.

"நல்லா இருக்கு," என்று திருப்பூர் அண்ணன். கடைசியாகச் சித்தப்பா. அவர் எதுவும் எழுதவில்லை. உயர்த்திய கட்டைவிரல் ஒன்று மட்டும் போட்டார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பேரும் சொல்லி வைக்காமலே ஒன்றுசேர்ந்து அத்தைக்குத் துணை நின்றார்கள் என்று பெருமையாக இருந்தது. நான் தொடங்கிய குழு இது என்று வீடு திரும்பும் பஸ்ஸில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் படித்துக் காட்டினேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களா?"

"எல்லாரும் அத்தை."

"கோழித் தீனி ஆளு?"

"அவருந்தான். கண்ணு நெறஞ்சுபோச்சாம்."

"ஒருத்தருமே திட்டலையா?"

"இல்லத்தை."

அவள் போனைத் திரும்ப முந்தானையில் சுற்றினாள். "அவங்க என்ன போட்ருக்காங்க?" என்றாள். மாமா, 'சரி' என்று போட்டிருந்தார். வேறு ஒன்றும் இல்லை. அடுத்த நாள் இன்னொரு படம் போட்டோம். மறுபடி பாராட்டுகள். மறுபடி 'சரி'. அதற்கடுத்த நாள் அவர் படம் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. எனக்கும் தேர்வுக்கு முந்தைய விடுமுறை. அத்தை வீட்டு வாசலில் ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். குழுவில் மாமாவின் குரல் பதிவு வந்தது. அவர் எப்போதும் எழுதுகிறவர். குரல் அனுப்பியதில்லை. நான் அதைச் சத்தமாக ஓடவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். என்னடா மீட்டிங் மாதிரி ஆரம்பிக்கிறான்னு சிரிக்காதீங்க. வயலு போட்டோ பாத்தேன். எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்க. நான் பொறந்ததுலேருந்து நம்ம தெருவுல நிக்கிற பயிரை ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லிக் கேட்டதில்ல. செத்தவனைத்தான் நல்லவன்னு சொல்வோம். முத ஆளு அருமைன்னு போட்டப்பவே சந்தேகம் வந்துச்சு. கடைசில எங்க மாப்ள கட்டைவெரலைத் தூக்கிக் காட்டுனாரு பாருங்க, அப்ப தெரிஞ்சுபோச்சு. கண்ணு படுறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "இதோ வரேன்," என்றுவிட்டுத் தொடர்ந்தார்.

"யார் மேலயும் கோவம் இல்ல. திட்ட மனசு வரல உங்களுக்கு. புரியுது. கம்பெனில கேட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருசம். மாப்ள, போட்டோவுல இருக்குறது உங்க வயலுதானே? தெருவே கண்ணு வச்சிருக்கு. தங்கச்சிக்கிட்ட சொல்லிச் சுத்திப் போடுங்க."

அவ்வளவுதான். அத்தையின் கையில் முறம் இரண்டு மூன்று தரம் தானாக ஆடி நின்றது. புடைத்த அரிசியையும் கல்லையும் அவள் ஒன்றாகவே கொட்டினாள்.

"ஒடம்பு எப்படி இருக்குன்னு ஒண்ணுமே சொல்லலையேடி," என்றாள்.

நான் வேகவேகமாக எழுத ஆரம்பித்தேன். மாமா, கையெழுத்துப் போட்டிருந்தாலும் மருத்துவக் காரணம் காட்டினால் விடுவிப்பார்கள், சட்டத்தில் இடம் இருக்கும், நான் கல்லூரியில் விசாரிக்கிறேன் என்று நீளமாக, தவறில்லாமல் எழுதினேன். வாதத்தில் நான் யாரிடமும் தோற்றதில்லை. அத்தை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதுற?"

படித்துக் காட்டினேன்.

"வேணாம்டி. நீ எழுதுனா எல்லாரும் படிக்கிற மாதிரி அழகா இருக்கு. அழிச்சுடு."

அழித்தேன். பிறகு நான் தனியாக விசாரிக்கவும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தையும் அவர் அங்கேதான் கழித்தார்.

அத்தை எழுந்து, "வா," என்றாள். தெருவில் அந்த நேரம் எல்லார் வீட்டிலும் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கடந்து போகும்போது ஒவ்வொரு வாசலிலும் ஓடி ஓடி நின்றது. சித்தப்பா வாசலில் நின்றிருந்தார். "அக்கா," என்றார். அத்தை நிற்காமல், "ஒன் மேல தப்பு இல்ல தம்பி," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அவளுடைய வயலில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கணுக்கால் போகும். ஆடுகள் கடித்து மிச்சம் வைத்த அடித்தூர்கள் மட்டும் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு நடுவயலில் போய் நின்றாள். மூன்று ஆடுகள் அவளைச் சுற்றி வந்தன.

"எடு. வரப்பு, வாய்க்கால், எல்லாம் தெரியட்டும். நானும் தெரியணும்."

அதுவரை அவள் ஒரு படத்திலும் நின்றதில்லை. எடுத்தேன். குழுவில் போட்டேன். எழுத எதுவும் இல்லை.

யாரும் பதில் போடவில்லை. கும்பிட்ட கைகூட வரவில்லை. ஆனால் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் மாமாவின் ஒரு வரி வந்தது.

"ஆடு யாருது?"

"நம்மளுதுதான்னு சொல்லு," என்றாள் அத்தை. எழுதினேன்.

"வெடிப்புல காலை விட்டுடப் போவுது. ஓட்டிட்டுப் போவச் சொல்லு," என்று வந்தது.

அதைப் படித்துக் காட்டியதும்தான் அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"அவங்க பேசி அனுப்புனாங்களே, அது மாதிரி நான் பேசணும். எங்க அமுக்கணும்?"

காட்டினேன்.

"எல்லாருக்கும் போயிருமா?"

"இதுல பேசுனா போவும். இருங்க." அவர் பெயரைத் தனியாகத் திறந்து கொடுத்தேன். "இப்ப அவருக்கு மட்டும்தான். இந்த மைக்கை அமுக்கிக்கிட்டே பேசுங்க. வெரலை எடுத்தா போயிரும்."

"எடுக்காமயே எவ்ளோ நேரம் பேசலாம்?"

"எவ்ளோ நேரம்னாலும் பேசலாம் அத்தை."

அவள் எழுந்து, செருப்பு போடாமல், தண்ணீர் வராத வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தாள். கட்டைவிரலால் அழுத்தி, போனை வாய்க்கு மிக அருகில் பிடித்திருந்தாள். "ஏங்க," என்று ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. மற்றது கேட்கும் தூரத்தில் நான் நிற்கவில்லை. ஆடுகளை வயலிலிருந்து விரட்டி, முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு தெருவுக்குத் திரும்பினேன்.